பெட்டியை யாரும் தொடவில்லை

அத்தியாயம் 6

“கல்லுப்பு சார், பொடிச்சது,” என்றாள் ஜீனத், விரல் நுனியை நக்கிவிட்டு. “ரசத்துல போடறது. எங்க வூட்ல ஒரு ஜாடி நெறைய கீது. நாங்க யாரும் இன்னும் சாகல.”

அலெக்ஸாண்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மேஜைமேல் கிடந்த காகிதப் பொட்டலம் வெள்ளிக்கிழமை எண்ணூரில் அவரே கைப்பற்றிய தடயம். ‘சந்தேகத்துக்குரிய வெள்ளைப் பொடி’ என்று அதன்மேல் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார்.

“நக்கிப் பாத்தியா? வெசமா இருந்திருந்தா?”

“இருந்திருந்தா நீங்க எழுதின ரிப்போர்ட்டு கரெக்டாயிருக்கும். உங்களுக்காக இதுகூட செய்ய மாட்டேனா?”

ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஒரு மின்விசிறியும் இரண்டரை நாற்காலியுமாக நடக்கிறது அலெக்ஸாண்டரின் துப்பறியும் நிறுவனம். அந்த அரை நாற்காலி முதுகு உடைந்தது, ஜீனத்துக்கு ஒதுக்கப்பட்டது. அவர் துறைமுக கேட்டில் முப்பது வருஷம் காவல் பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் மண்ணடியில் கணக்கு வேலை பார்த்து, முதலாளியின் பொய்யை முகத்துக்கு நேராகக் கண்டுபிடித்துச் சொன்னதால் வேலை போனவள். இதுவரை அவர்களுக்கு வந்த கேஸ்களில் பாதி காணாமல் போன பைக், மீதி காணாமல் போன மாப்பிள்ளை. முதல் பெரிய கேஸாக வந்து சேர்ந்தது ஒரு மீன்.

சாதாரண மீன் இல்லை. அரோவானா. ஒரு சாண் நீளம், வெள்ளிச் செதில், முகத்தில் ஒரு முதலாளிக் களை. எண்ணூரில் நீலமேகம் என்பவர் புதிதாகத் திறக்கும் கண்டெய்னர் லாரி புக்கிங் ஆபீஸுக்கு வாஸ்து மீனாக ஏற்பாடாகியிருந்தது. விற்றவர் ராயபுரம் வண்ணமீன் கடை ஜேக்கப். ஏற்கெனவே இரண்டு முறை வழியில் மீன் மாறிப் போய் அவர் கெட்ட பெயர் வாங்கியிருந்தார். அதனால், “இந்த வாட்டி நீங்க கூடவே போங்க, கண்ண எடுக்காதீங்க,” என்று அலெக்ஸாண்டரை அமர்த்தினார். மீனை எடுத்துப் போனது கடையில் எட்டு வருஷமாக வேலை பார்க்கும் பாரி. வெள்ளிக்கிழமை காலை பத்து இருபத்தேழுக்கு மீன் தொட்டியில் இறங்கியது. பதினொன்றரைக்குள் வயிற்றைக் காட்டி மிதந்தது. திறப்பு விழா அன்றே வாஸ்து மீன் செத்தால் எப்படியிருக்கும்? நீலமேகத்தின் ஆள் ஒருவன் பாரியின் கன்னத்தில் ஓங்கி விட்டான் ஒன்று. அதையும் அலெக்ஸாண்டர் நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டார்: ‘11.40 – ஓர் அறை.’

அன்று சாயங்காலமே ரிப்போர்ட் தயார். தொட்டியில் பாரி வெள்ளைப் பொடி போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதினார். ‘பாரியைத் தவிர பெட்டியை யாரும் தொடவில்லை’ என்று அடிக்கோடும் போட்டார். சனிக்கிழமை காலை பாரிக்கு வேலை போனது. மத்தியானம் அவன் போட்டோ ‘வடசென்னை மீன் தோஸ்துங்க’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. ‘மீனுக்கு விஷம் வைத்தவன், எந்தக் கடையிலும் சேர்க்காதீர்கள்.’ அதே குரூப்பில் அலெக்ஸாண்டரையும் சேர்த்து, துப்பறிந்ததற்குப் பூங்கொத்துப் படமாகப் போட்டுக் குவித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட அந்தப் பூங்கொத்துகளை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

இன்று திங்கள். ரசத்து உப்பு.

“சாகப் போற மீனுக்கு உப்பு போட்டா சில சமயம் பொழைக்குமாம்,” என்றாள் ஜீனத். “காப்பாத்தப் பாத்திருக்காரு அந்த ஆளு. நாம வெசம்னு எழுதிட்டோம்.”

“அப்ப மீன் எப்டி செத்துது?”

அதற்காகவே காத்திருந்தவள்போல அவள் மேஜைக்கு அடியிலிருந்து தெர்மோகோல் பெட்டியை எடுத்து வைத்தாள். மீன் வந்த பெட்டி. இதையும் தடயம் என்று அவர்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். “அடியில போட்ட பேப்பரப் பாருங்க. நனைஞ்சு காஞ்சு அப்பளமா கீது. ஆனா மீன் வந்த பை ஒழுகல, நானே தண்ணி ஊத்திப் பாத்துட்டேன். அப்ப இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துது? அடுத்தது இது.” காகிதத்தின் சுருக்கத்திலிருந்து பழுப்பாக எதையோ நகத்தால் சுரண்டி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். “மரத்தூள். ஐஸ் பார் மேல மரத்தூளத் தூவி சாக்குல சுத்தி வெப்பாங்க. காசிமேட்டுக்காரருக்கு நான் சொல்லணுமா?”

“ஐஸ் வெச்சா மீனுக்கு நல்லதுதானம்மா?”

“செத்த மீனுக்கு நல்லது சார்.”

அலெக்ஸாண்டரின் காது சூடானது.

“இது சூட்டு நாட்டு மீன்,” என்று அவள் தொடர்ந்தாள். “கொளத்தூர்ல ஒரு வண்ணமீன் கடைல விசாரிச்சேன். அதுக்குத் தண்ணி இருபத்தெட்டு டிகிரி இருக்கணுமாம். கொண்டு போனதும் பையத் தொறக்கவே கூடாது. அப்டியே தொட்டில மிதக்க வுடணும், அரை மணி நேரம். பைல கீற தண்ணியும் தொட்டில கீற தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரணும். அப்பறம் தொட்டித் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா பைல ஊத்திப் பழக்கி, அதுக்கும் அப்பறந்தான் மீனு. ஐஸ்ல கெடந்தத எடுத்து நேரா சூட்டுத் தண்ணில போட்டா தாங்குமா? வழில யாரோ ஐஸ் வெச்சிருக்காங்க சார்.”

யாரோ இல்லை. வைத்தது அலெக்ஸாண்டர்.

அவர் அதை மறந்திருக்கவில்லை. ஒரு காரியமாகவே எண்ணியிருக்கவில்லை, அவ்வளவுதான். திருவொற்றியூர் எல்லையம்மன் கோயில் ஸ்டாப்பில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, ஆட்டோ நகரவில்லை. தொட்டியில் காற்று விடும் சின்ன மோட்டாருக்கு பேட்டரி வாங்க பாரி இறங்கிப் போனான். பெட்டி அலெக்ஸாண்டரின் மடியில். மே மாத வெயில். காசிமேட்டில் பிறந்தவன் மடியில் மீன் பெட்டி இருக்கிறது, அதில் ஐஸ் இல்லை! அப்பா விசைப்படகில் போனவர், அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்றவள். சட்டைப் பொத்தான் திறந்திருந்தால் கை தானாகப் போய்ப் போடுமே, அப்படித்தான் கை போயிற்று. ரோட்டோரம் ஐஸ் விற்ற அம்மாளைக் கூப்பிட்டார், பையைச் சுற்றி அள்ளிப் போடச் சொன்னார், மூடியைப் போட்டார். பிறகு எண்ணூரில் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்தபோது அந்த ஐஸை அத்தனை பேரும் பார்த்தார்கள். எண்ணூரில் மீன் பெட்டியில் ஐஸைப் பார்த்து எவன் வாயைப் பிளப்பான்?

‘நான்தாம்மா.’ ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். அலெக்ஸாண்டர் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“அப்ப ஐஸ் வெச்சவனும் பாரிதான்!”

சொன்ன மறுகணமே நாக்கு கசந்தது. ஐம்பத்தெட்டு வயதில், ஒருவன் வேலையைப் பறித்தது போதாதென்று இரண்டாம் தடவையும் அவன் தலையிலேயே கட்டுகிறோமே என்று நெஞ்சு குறுகியது. ஆனால் வாய் சொல்லிவிட்டது. ஜீனத் அவரை வழக்கத்தைவிட இரண்டு விநாடி அதிகமாகப் பார்த்தாள்.

“சரி சார். அப்ப ஐஸ் வித்தவங்களப் புடிப்போம். அவங்க பாரிய அடையாளம் காட்டினா கேஸு முடிஞ்சுது.”

“காசிமேட்டுல போய்க் கேப்போம்,” என்றார் அவசரமாக.

“ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் போறவன் மீன் ஹார்பருக்குள்ள பூந்து ஐஸ் வாங்குவானா?”

“துப்பறியறதுன்னா எல்லாப் பக்கமும் பாக்கணும்மா.”

பார்த்தார்கள். காசிமேட்டில் ஒரு மணி நேரம், ஒவ்வொரு ஐஸ் கடையாக, பாரியின் போட்டோவைக் காட்டிக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை, தெரியாது என்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தார் அலெக்ஸாண்டர். ஏலக்கூடத்தில் நின்ற தவசிமுத்து, பால்ய சிநேகிதன், “இன்னா மாமு, பெரிய டிடெக்டிவாமே, வாட்ஸ்அப்ல பாத்தேன்!” என்று முதுகில் தட்டினான். அந்தத் தட்டில் அலெக்ஸாண்டருக்கு முதுகெலும்பு வரை கூசியது.

“அடுத்தது?” என்றாள் ஜீனத், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து. “உங்க நோட்ட எடுங்க. அன்னிக்கு வண்டி எங்க நின்னுது?”

அவர் நோட்டைத் தரவில்லை. அவளே பிடுங்கிப் படித்தாள். “ஒம்பது அம்பத்திரண்டு, எல்லையம்மன் கோயில் ஸ்டாப். பாரி பேட்டரி வாங்கச் சென்றான். பத்து ரெண்டு, திரும்பி வந்தான். நடுவுல பெட்டி என் மடியில், யாரும் தொடவில்லை. அழகா எழுதியிருக்கீங்க சார். கையெழுத்து மணி மணியா கீது.”

திருவொற்றியூர் நெருங்க நெருங்க அலெக்ஸாண்டர் கைக்குட்டையை எடுத்து மூக்குக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டார்.

“இன்னா சார், பேங்கு எதுனா கொள்ளையடிக்கப் போறமா?”

“தூசும்மா. நெலக்கரித் தூசு.”

“ஐயோ பாவம். அம்பத்தெட்டு வருசமா இல்லாத தூசு.”

எல்லையம்மன் கோயில் ஸ்டாப்புக்கு எதிரே, சாக்கு மூடிய தள்ளுவண்டியோடு நின்றாள் சொக்கம்மாள். கூடையில் மீன் விற்றுப் போகிற பெண்களுக்குச் சுத்தியலால் ஐஸ் உடைத்துத் தருபவள். அலெக்ஸாண்டர் ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை. முட்டி வலி என்றார். ஜீனத் இறங்கிப் போய், போனில் பாரியின் போட்டோவைக் காட்டினாள்.

“வெள்ளிக்கெழம, லாரிங்க ஜாமாகி நின்னுதே, அன்னிக்கு இவரு உங்ககிட்ட ஐஸ் வாங்கினாரா அக்கா?”

சொக்கம்மாள் போனை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பார்த்தாள். “இவரா? இவரு பேட்டரி கடைக்கு ஓடினவரு. ஐஸு வாங்கல. வாங்கினது ஆட்டோல குந்திகினு இருந்த பெருசு. ‘மீன் பெட்டில ஐஸு இல்லாம எவன்யா அனுப்பறான்’னு தானே பேசிகினு, இன்னும் ஒரு கை போடு, இன்னும் ஒரு கை போடுன்னு எங்கிட்ட பேஜாரு பண்ணிச்சு.”

“எந்தப் பெருசுக்கா?”

“எந்தப் பெருசா? தோ, மூஞ்சில கர்சீப் கட்டிகினு குந்திகினு கீதே, அந்தப் பெருசுதான். இன்னா நைனா, மீனு நல்லா இருந்துதா? வறுத்தியா, கொழம்பா?”

அலெக்ஸாண்டர் கைக்குட்டையை அவிழ்த்தார். அவிழ்க்காமல் இருந்திருந்தாலும் ஒன்றுதான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். எதிரே பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று தெரிந்தும் ஒவ்வொருவரும் தன்னைக் காறித் துப்புவதுபோல அவருக்கு இருந்தது.

ஜீனத் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆச்சரியப்படவில்லை.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றார், தரையைப் பார்த்து.

“வெள்ளிக்கெழம மத்தியானம் ஆபீஸுக்கு வந்தீங்க. பேண்ட்டு முன்பக்கம் முழுக்க ஈரம். வயசான மனுசன், கேக்கக் கூடாதுன்னு வுட்டுட்டேன். இன்னிக்குக் காலைல மரத்தூளப் பாத்ததும்தான் நிம்மதியாச்சு, உங்களுக்கு அந்த வியாதி இல்லன்னு.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

“தெரிஞ்சும் காசிமேட்டுல என்கூட ஒரு மணி நேரம் சுத்தினியே.”

“நீங்களே சொல்லிடுவீங்கன்னு ஒவ்வொரு கடைலயும் பாத்தேன் சார். ‘ஐஸ் வெச்சவனும் பாரிதான்’னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தெரியாம ஐஸ் வெச்சது வேற. அது வேற.”

அது வேறுதான். அலெக்ஸாண்டருக்கும் தெரியும். ஆட்டோக்காரரிடம், “எம்.கே.பி. நகர் போப்பா,” என்றார்.

பாரியின் வீடு வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. படி ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் அலெக்ஸாண்டர் நின்று மூச்சு வாங்கினார். பாதி மூச்சு, பாதி பயம். கதவுக்கு வெளியே நடைபாதையில் வரிசையாக நீல பிளாஸ்டிக் டப்புகள், ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. பாரி அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயசு, ஒல்லி உடம்பு. இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக ஒரு கன்றல். தொட்டியில் கட்டிய பை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. உள்ளே கட்டைவிரல் அளவு ஆரஞ்சு மீன்கள் பத்துப் பன்னிரண்டு.

நிமிர்ந்து பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

“குந்துங்க சார். இத வுட்டுட்டு வர முடியாது. இன்னும் பத்து நிமிசம் ஆவும்.”

அவன் மனைவி மகிழினி வாசற்படியில் வந்து நின்றாள். உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. அலெக்ஸாண்டர் தரையில் உட்கார்ந்தார். துறைமுக கேட்டில் முப்பது வருஷம் எத்தனையோ பேரைத் தன் முன்னால் நிற்க வைத்து ‘உண்மையச் சொல்லு’ என்று கேட்டவருக்கு, அதைச் சொல்வது எப்படி என்று தெரியவில்லை.

“பாரி, அந்த ஐஸு நான் வெச்சது.”

“தெரியும் சார்.”

ஜீனத்தின் கண்கூட விரிந்தது. இதை அவளும் எதிர்பார்க்கவில்லை.

“பேட்டரி வாங்கினு வந்தேன்ல, அப்பவே உங்க மடி நனைஞ்சு கெடந்துது. எண்ணூர்ல பெட்டியத் தொறந்தேன், பையத் தொட்டா ஜில்லுனு கீது. அரை மணி நேரம் மிதக்கட்டும்னு சொன்னேன். நீலமேகம் சார், ராகு காலம் வருதே, ராகு காலம் வருதேன்னு கத்தினாரு. நீங்க வாட்சப் பாத்து, ‘இன்னும் மூணு நிமிசந்தான் கீது, ஊத்துப்பா’ன்னீங்க.”

சொன்னார்தான். உதவியாக இருக்கட்டுமே என்று சொன்னார். அந்த மூன்று நிமிஷம் அவர் நோட்டில் இல்லை.

“அப்பவே ஏன் சொல்லல?” என்றார். “ஐஸ் வெச்சது அந்த ஆளுன்னு என்னைக் கைகாட்டியிருந்தா உனக்கு இதெல்லாம்...”

பாரி பையை விரலால் மெல்லத் தட்டி மீன்களைப் பார்த்தான். “அந்த ரூம்ல நீலமேகம் ஆளுங்க பத்துப் பேரு சார். லாரி டிரைவருங்க. சகுனம் போச்சுன்னு வெறில இருந்தாங்க. கைகாட்டியிருந்தா உங்கள அடிச்சிருப்பாங்க. வயசானவரு, தாங்க மாட்டீங்க. எனக்கு ஒண்ணு விழுந்தா போவட்டும்னு நின்னேன். கடைக்கு வந்ததும் முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்.” பையை லேசாகத் திருப்பி விட்டான். “ரிப்போர்ட்ட அவரு படிச்சுக் காட்டினாரு. அப்பதான் சார் எனக்கு அடி விழுந்துது.”

11.40 – ஓர் அறை. மணி மணியான கையெழுத்து. குற்றவாளிக்கு விழுந்தது என்று நினைத்துப் பக்கத்தில் நின்று, நேரம் பார்த்து, எழுதி வைத்திருந்தார். தனக்கு வர வேண்டிய அடி இன்னொருவன் கன்னத்தில் விழுந்ததற்கு அவர் கணக்காகச் சாட்சி எழுதியிருந்தார். அலெக்ஸாண்டர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அழுதார் என்று சொல்ல முடியாது. ஆனால் கையை எடுக்க வெகு நேரமாயிற்று.

எடுத்ததும் தன் போனை ஜீனத்திடம் நீட்டினார். “அந்த குரூப்ப எடுத்துக் குடும்மா. வாய்ஸ் மெசேஜ் போடணும்.”

பேசத் தெரிந்தவர்தான்; ஆனால் மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறை அழித்தார். நாலாவது முறை நிறுத்தாமல் பேசினார். “நான் டிடெக்டிவ் அலெக்ஸாண்டர் பேசறேன். அரோவானா செத்ததுக்குக் காரணம் பாரி இல்ல. வெசமும் இல்ல. பெட்டில ஐஸ் வெச்சது நானு. அரை மணி நேரம் வுடுங்கன்னு பாரி சொன்னப்ப, ஊத்துன்னு சொன்னதும் நானு. அவரு போட்டது உப்பு, மீனக் காப்பாத்த. என் ரிப்போர்ட்டு பொய். ஜேக்கப், இத நேர்லயும் வந்து சொல்றேன். நீலமேகம் சார், உங்க ஆபீஸுக்கும் வரேன், உங்க ஆளுங்க எல்லாரும் இருக்கப்பவே.”

அனுப்பினார். பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது; திரையில் ஜேக்கப். அலெக்ஸாண்டர் எடுக்காமல் ஜீனத்திடம் நீட்டினார்.

“அதுக்கு முன்ன என்ன ஒரு போட்டோ எடும்மா. அவரு போட்டோ போட்டாங்கல்ல. என்னுதும் அதுல இருக்கணும்.”

ஜீனத் போனை உயர்த்தினாள். அவர் கை தானாகத் தலைக்குப் போய் முடியை ஒதுக்கியது. ஒதுக்கிய பிறகுதான் தெரிந்தது. கையைக் கீழே போட்டார்.

“சிரிக்காதீங்க சார்,” என்றாள் அவள் மெல்ல. அவர் சிரிக்கவில்லை.

படம் குரூப்பில் ஏறியதும் வாசற்படியிலிருந்த மகிழினி முதல் முறையாகப் பேசினாள். “மூணு நாளா இவரு மூஞ்சி அதுல கீது. கீழ தண்ணி புடிக்கப் போனாக்கூட கேக்கறாங்க. உங்க மூஞ்சி எத்தினி நாள் இருக்கும்?”

“நீங்க எடுக்கச் சொல்ற வரைக்கும்மா.”

அவள் யோசிக்கக்கூட இல்லை. “நான் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

அலெக்ஸாண்டர் தலையை ஆட்டினார். தொட்டியில் பை இன்னும் மிதந்துகொண்டிருந்தது. பாரி மணிக்கட்டைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தான். “இன்னும் அஞ்சு நிமிசம் சார்,” என்றான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.